கறுப்பு வண்ணத்துப்பூச்சிக்குக் கல்லெறிந்த பெண்



காகம் கத்தினால் வீட்டுக்கு ஆள் வரும், அல்லது செய்தி வரும் என்று சொல்லாத தாய் எமது ஊர்களில் இல்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஊருக்கு ரெலிபோன் எடுத்தால், "விடியக் காலமை காகம் விடாமல் கத்தினது. உங்களுக்கு ஆரும் ஏதும் அறிவிச்சவையோ?" என்றுதான் முதலில் கேட்பார். 2009ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின்னர் எங்கள் மூத்த அண்ணாவைப் பற்றி ஒரு செய்தியும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அம்மா கேட்பது அந்தச் செய்தியைத்தான்.

நாங்கள் சலித்துக்கொள்வோம். "காகத்துக்கு என்னம்மா தெரியும்? உதெல்லாம் மூடநம்பிக்கை" என்போம். அதன் பிறகு அம்மா கொஞ்ச நேரம் பேசமாட்டார். அந்த மௌனத்துக்கும் சேர்த்துத்தான் ரெலிபோன் காட் காசு ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. எங்களை மாற்றியது ஹெயிட்டி நாட்டுக் கதைகள் என்றால் நம்புவீர்களா? அதைப்பற்றித்தான் இங்கு எழுதுகிறோம். நாங்கள் ஓ.எல். சோதனையோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். இலக்கிய விமர்சனம் எழுதும் தகுதி எமக்கில்லை. வேலைத்தலத்தில் கேட்டதையும், கேட்டபின் தேடி வாசித்ததையும் எழுதுகிறோம், அவ்வளவுதான்.

கிறிக்? கிறாக்!

மொன்றியலில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் எம்மவர் எல்லோருக்கும் ஹெயிட்டி மக்களைத் தெரிந்திருக்கும். 1960களில் டுவாலியேயின் கொடுங்கோல் ஆட்சிக்குத் தப்பி வரத் தொடங்கியவர்கள் அவர்கள். பிரெஞ்சு தெரிந்ததால் கியூபெக் மாகாணம் அவர்களுக்குப் பொருந்தியது. எங்கள் தொழிற்சாலையில், பெட்டி அடுக்கும் வரிசையில் தமிழர் நாங்கள் நான்கு பேர். எங்களுக்கு எதிர்ப்பக்கம் ஹெயிட்டிப் பெண்கள் ஆறு பேர். அவர்களில் மூத்தவரை நாங்கள் எல்லோரும் 'அக்கா' என்றே கூப்பிடுவோம். அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டறிந்த நாளிலிருந்து அவரும் எங்களைத் தம்பி, தங்கச்சி முறையில்தான் பார்க்கிறார்.

ஒரு மாரி இரவு இயந்திரம் பழுதாகி வேலை நின்றுபோயிற்று. திருத்துபவர் வரும்வரை எல்லோரும் சாப்பாட்டு அறையில் குந்தியிருந்தோம். அப்போது அக்கா சத்தமாக, "கிறிக்?" என்றார். அவருடைய ஊர்ப் பெண்கள் ஆறு மேசைக்குக் கேட்கும்படி, "கிறாக்!" என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஹெயிட்டியில் கதை சொல்பவர் முதலில் 'கிறிக்?' என்று கேட்க வேண்டுமாம். கேட்பவர்கள் 'கிறாக்!' என்றால்தான் கதை தொடங்குமாம். எமது அம்மம்மா "உம் கொட்டினால்தான் சொல்லுவன்" என்பாரே, அதே வழக்கம்தான்!

அன்று அக்கா சொன்ன கதை ஒரு புத்தகத்தில் உள்ளது என்று பின்னர் அறிந்தோம். எட்விட்ஜ் டான்டிகா என்னும் பெண் எழுத்தாளர் 1995இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதி அது. அதன் பெயரே 'கிறிக்? கிறாக்!' என்பதுதான். டான்டிகா 1969இல் ஹெயிட்டியின் தலைநகரான போர்ட் ஓ பிரின்சில் பிறந்தவர். பெற்றோர் முதலில் நியூயோர்க் போய்விட, பெரியவர்களோடு வளர்ந்து, 12 வயதில்தான் தாய் தகப்பனிடம் போய்ச் சேர்ந்தார். எம்மவர் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இதே கதை! அவர் ஆங்கிலத்தில் எழுதியதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை நூலகத்தில் எடுத்து, அரசாங்க வகுப்பில் படித்த பிரெஞ்சையும் அகராதியையும் வைத்து, இடைவேளைக்கு இரண்டு பக்கம் வீதம் வாசித்தோம். விளங்காத இடங்களை அக்கா விளக்கினார்.

செய்தி கொண்டுவரும் பூச்சி

முதற் கதையின் பெயர் 'கடலின் பிள்ளைகள்'. அதன் பின்னணியைச் சொல்ல வேண்டும். 1990 டிசம்பரில் நடந்த தேர்தலில் அரிஸ்டீட் என்ற பாதிரியாரை ஹெயிட்டி மக்கள் ஜனாதிபதியாகத் தெரிவு செய்தார்கள். 1991 செப்டெம்பர் 30ஆம் திகதி இராணுவம் அவரைக் கவிழ்த்தது. அதன் பின் ஆயிரமாயிரமாய் மக்கள் ஓட்டைப் படகுகளில் அமெரிக்காவை நோக்கிப் புறப்பட்டார்கள். பலரை அமெரிக்கக் கரையோரக் காவற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. பலர் கடலோடு போனார்கள்.

கதையில் ஒரு இளைஞன். வானொலியில் அரசை எதிர்த்துப் பேசியதால் உயிருக்கு ஆபத்து. வேறு 36 பேரோடு படகில் ஏறுகிறான். அவனுடைய காதலி ஊரில் நிற்கிறாள். இருவரும் ஒருவருக்கொருவர் எழுதுகிறார்கள். ஆனால் எழுதியது ஒன்றும் மற்றவருக்குப் போய்ச் சேராது. அவன் ஒரு கொப்பியில் எழுதுகிறான். படகுக்குள் தண்ணீர் ஏற ஏற, பாரம் குறைக்க எல்லோரும் கையிலுள்ளதை எறிய வேண்டி வருகிறது. கடைசியில் அந்தக் கொப்பியும் கடலுக்குள் போகிறது.

ஊரில் நிற்கும் பெண்ணிடம் அவளுடைய தாய் சொல்லியிருக்கிறாள்: நிறமுள்ள வண்ணத்துப்பூச்சி நல்ல செய்தி கொண்டுவரும், கறுப்பு வண்ணத்துப்பூச்சி சாவுச் செய்தி கொண்டுவரும் என்று. குடும்பம் தலைநகரிலிருந்து இடம்பெயர்ந்து ஒரு கிராமத்துக்குப் போகிறது. அங்கே அவள் உட்கார்ந்து எழுதுவது எங்கே தெரியுமா? ஒரு ஆலமரத்தின் கீழே! ஆலமரம் புனிதமானது, அதன் கீழிருந்து கூப்பிட்டால் கடவுளுக்குத் தெளிவாகக் கேட்கும் என்று அவளுடைய தாய் நம்புகிறாள். இந்த இடத்தை வாசித்தபோது எங்களில் ஒருவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கதையின் முடிவில் கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் அவளைச் சுற்றிப் பறக்கின்றன. அவை தன் கையில் வந்து இருக்கக்கூடாது என்று அவள் பெரிய கற்களை எடுத்து எறிகிறாள். பஹாமாஸ் கரைக்கு அப்பால் இன்னொரு படகு மூழ்கிவிட்டது என்று வானொலி சொல்கிறது. அவளுடைய உள்மனதுக்கு எல்லாம் தெரியும். இருந்தும் கல்லெறிகிறாள்.

நாங்கள் அக்காவிடம் கேட்டோம்: "இது மூடநம்பிக்கைதானே அக்கா? பூச்சிக்கு என்ன தெரியும்?" அக்கா சொன்ன பதில் இதுதான்: "பூச்சிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வேறு யார் செய்தி சொல்லப் போகிறார்கள்? அரசாங்கமா? கடற்படையா?"

நாங்கள் பேசாமல் இருந்தோம். செய்தி சொல்ல வேண்டியவர்கள் சொல்லாதபோதுதான் மனிதர் காகத்திடமும் பூச்சியிடமும் கேட்கிறார்கள். எங்கள் அம்மாவும் வேண்டிய அலுவலகம் எல்லாவற்றிலும் பதிவு செய்துவிட்டு வந்துதான் காகத்தைக் கேட்கிறார்.

நம்பிக்கை கொல்லவும் செய்யும்

இதை வாசித்துவிட்டு, சகுனம் சாத்திரம் எல்லாம் நல்லது என்று நாங்கள் சொல்வதாக நினைக்க வேண்டாம். டான்டிகாவும் அப்படிச் சொல்லவில்லை. அதே தொகுதியில் '1937' என்றொரு கதை உண்டு.

1937 ஒக்டோபரில் அயல்நாடான டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி துருஹியோ, எல்லைப்புறத்தில் வாழ்ந்த ஹெயிட்டி மக்களைக் கொல்ல உத்தரவிட்டான். அங்கே வாழ்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆளை அடையாளம் காணப் படையினர் ஒரு கீரையைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னார்கள் என்பது வரலாறு. கொத்தமல்லி போன்ற அந்தக் கீரையை ஸ்பானிய மொழியில் 'பெரெஹில்' என்பார்கள். ஹெயிட்டி மக்களின் நாக்குக்கு அந்த 'ரெ' சரியாக வராது. வராதவர்கள் செத்தார்கள். 1983இல் 'வாளி' என்பதற்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழரைப் பிரித்தெடுத்த கதையை எமது மூத்தவர்கள் வாயால் கேட்டிருக்கிறோம். இந்த இடத்தில் அக்கா விளக்கம் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அந்தக் கதையில் ஒரு கர்ப்பிணிப் பெண் எல்லை ஆற்றில் பாய்ந்து நீந்தித் தப்புகிறாள். அக்கரையில் அவளுடைய தாய் கொல்லப்படுகிறாள். இக்கரையில் அன்றிரவே அவளுக்கு மகள் பிறக்கிறாள். உயிர் தப்பிய பெண்கள் வருடந்தோறும் நவம்பர் 1ஆம் திகதி வெள்ளை உடுத்து அந்த ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். வயிற்றில் பிள்ளையோடு ஆற்றைத் தாண்டியதை அவர்கள் 'பறந்தது' என்கிறார்கள். நெருப்புச் சிறகு முளைத்தது என்கிறார்கள். அந்தச் சொல்தான் அவர்களுடைய பலம்.

ஆனால் ஆண்டுகள் கழித்து என்ன நடக்கிறது? ஒரு குழந்தை இறந்துபோக, அதே பெண்ணை இரவில் பறந்து பிள்ளைகளின் உயிரைக் குடிக்கும் சூனியக்காரி என்று ஊர் பிடித்துக் கொடுக்கிறது. அமெரிக்கப் படை 1915 முதல் 1934 வரை ஹெயிட்டியை ஆண்டபோது கட்டிய சிறையில் அவளை அடைக்கிறார்கள். உடம்பில் சூடேறிச் சிறகு முளைத்துவிடுமாம் என்று கைதிப் பெண்களின் மேல் இரவில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுகிறார்கள். அவள் அங்கேயே சாகிறாள். ஒரே சிறகு! பாதிக்கப்பட்டவர் கையில் அது நம்பிக்கை. பலமுள்ளவர் கையில் அது விலங்கு.

டுவாலியேயும் இதை நன்றாக அறிந்திருந்தார். சொல்வழி கேளாத பிள்ளைகளைச் சாக்குப் பைக்குள் போட்டுக்கொண்டு போகும் மாமன் ஒருவன் ஹெயிட்டிக் கிராமியக் கதைகளில் உண்டு. எமது ஊர்ப் பிள்ளைபிடிகாரனைப் போல. அவன் பெயர் தொந்தொன் மக்கூத். 1957 முதல் 1986 வரை தகப்பனும் மகனுமாக நடத்திய ஆட்சியில், இரவில் ஆள் தூக்கிய குண்டர் படையை மக்கள் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். சாக்கால் முகம் மூடிய தலையாட்டிகளின் முன்னே வரிசையில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

பெயர்ப்பட்டியல்

தொழிற்சாலைக்காரர்களான எங்களுக்கு மிகவும் பிடித்த கதை வேறொன்று. சீனி ஆலை உள்ள ஒரு ஊரில் கணவன், மனைவி, சின்ன மகன். ஆலையில் நிரந்தர வேலைக்கு ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. தகப்பன் அதில் எங்கோ பின்னால் நிற்கிறான். எப்போதாவது சில மணி நேர வேலை வரும், அதுவும் கக்கூஸ் கழுவும் வேலை. தன் மகனின் பெயரை இப்போதே அந்தப் பட்டியலில் போட்டுவிட்டால் பெரியவனாகும்போதாவது வேலை கிடைக்கும் என்று அவன் நினைக்கிறான்.

தாய் மறுக்கிறாள். சின்ன வயதில் அப்படியொரு பட்டியலில் பெயர் ஏறினால் அது பிள்ளையின் தலைவிதியையே மாற்றிவிடும் என்கிறாள்.

படித்தவர்கள் இதையும் மூடநம்பிக்கை என்பார்கள். நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். "என்ரை பிள்ளை இந்த பெல்ட்டடிக்கு வரக்கூடாது" என்று வாய்க்குள் சொல்லாமல் எங்களில் யார் மணிக்கூட்டு அட்டை அடிக்கிறோம்? அந்தச் சிறுவன் பள்ளி நாடகத்தில் பூக்மன் வேடம் கட்டுகிறான். 1791 ஓகஸ்டில் அடிமைகளின் எழுச்சியைத் தொடக்கிவைத்தவர்களில் ஒருவர் அந்த பூக்மன். அந்த எழுச்சிதான் 1804 ஜனவரி 1ஆம் திகதி ஹெயிட்டியின் சுதந்திரத்தில் வந்து முடிந்தது. கதையின் முடிவு துயரமானது. அதை நாங்கள் சொல்லப் போவதில்லை. வாசித்துப் பாருங்கள்.

புறாக்கள் காட்டிய தண்ணீர்

அக்கா சொல்லி இன்னொரு நாவலும் வாசித்தோம். ஜாக் ரூமேன் எழுதி, அவர் இறந்த 1944ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. பிரெஞ்சுத் தலைப்பைப் 'பனித்துளியின் அதிபதிகள்' எனலாம். 1941, 42இல் ஹெயிட்டியில் கத்தோலிக்கத் திருச்சபை மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற பெயரில் மக்களின் பறைகளையும் வழிபாட்டுப் பொருட்களையும் அழித்தது. புனித மரங்களையும் தறித்தது. ரூமேனுக்கு அந்த வழிபாட்டில் நம்பிக்கை இல்லை. என்றாலும், ஒழிக்க வேண்டியது மூடநம்பிக்கையை அல்ல, வறுமையையே என்று அவர் வாதாடினார்.

நாவலில் மனுவெல் என்பவன் கியூபாவின் கரும்புத் தோட்டத்தில் 15 வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறான். ஊர் வரண்டு கிடக்கிறது. பழைய இரத்தப் பகையால் மக்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். எல்லாம் விதி என்று பெரியவர்கள் கைகட்டியிருக்கிறார்கள். அவன் மட்டும் அடையாளங்களைப் பார்த்து நடக்கிறான். காட்டுப்புறாக்கள் எந்தப் பக்கம் பறக்கின்றன? குளிர்ந்த இடம் தேடித்தானே அவை போகும்? பின்னால் போகிறான். எமது சேம்பு போன்ற ஒரு செடி வளர்ந்திருக்கிறது. பெரியதொரு அத்தி இன மரம் நிற்கிறது. அதன் அடியைத் தோண்டினால் ஊற்று! அந்தத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவருவதற்கு ஊர் ஒன்றாக வேண்டும். அதற்காக அவன் கொடுத்த விலை அவனுடைய உயிர்.

பறவையைப் பார்த்துப் பயந்தால் அது சகுனம். பறவையைப் பார்த்து எழும்பி நடந்தால் அது வழி. இதை எங்களுக்குச் சொல்லித் தந்தவன் மனுவெல்.

எலும்புச் சூப்பும் மஞ்சள் பூவும்

புதிதாக வந்து குடியேறிய குடும்பங்கள் கட்டாயம் வாசிக்க வேண்டியது 'கரோலைனின் திருமணம்'. நியூயோர்க்கில் ஒரு ஹெயிட்டித் தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும். தாய் கர்ப்பமாயிருந்தபோது, அவர் வேலை செய்த தையல் தொழிற்சாலையில் குடிவரவு அதிகாரிகள் புகுந்து அவரைப் பிடித்துப் போனார்கள். சிறையில் போட்ட ஊசியால்தான் இளைய மகள் ஒரு கையின் பாதி இல்லாமல் பிறந்தாள் என்று குடும்பம் நினைக்கிறது. அந்த மகள் இப்போது வேற்று நாட்டவன் ஒருவனைக் கட்டப் போகிறாள். தாய் என்ன செய்கிறார்? நாள்தோறும் எலும்புச் சூப் காய்ச்சுகிறார். அதைக் குடித்தால் மகளின் மனம் மாறும் என்பது அவருடைய நம்பிக்கை.

மகளின் மனம் மாறவில்லை. திருமணம் நடக்கிறது, தாயும் போகிறார். அப்படியென்றால் சூப் தோற்றுவிட்டதா? வாயால் சொல்ல முடியாத பயத்தை அந்தத் தாய் சட்டியில் போட்டுக் காய்ச்சினார் என்றுதான் எங்களுக்குப் பட்டது. பிள்ளைக்கு நாவூறு படும் என்று உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப் போடும் அம்மாமாரும் அதைத்தானே செய்கிறார்கள்?

ஜனவரி பிறந்து முதல் வேலை நாளில் அக்கா எங்களுக்கும் பூசணிச் சூப் கொண்டுவருவார். அடிமைகளாக இருந்தபோது அவர்கள் சமைத்து எசமானர் குடித்த சூப் அது. சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் தாங்களே குடிக்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. நாங்கள் கண்ணூறு கழிக்க நீற்றுப்பூசணி உடைப்பதைச் சொன்னபோது, "சாப்பாட்டை ஏன் றோட்டில் உடைக்கிறீர்கள்?" என்று அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது.

டான்டிகாவின் முதல் நாவல் 1994இல் வந்தது. அதில் ஒரு மஞ்சள் பூ வரும். குளிர் நாட்டுப் பூ. பிரெஞ்சுக்காரி ஒருத்தி ஹெயிட்டியில் கொண்டுவந்து நட்டாளாம். வெயிலில் பட்டுப்போகாமல், அந்த மண்ணுக்கு ஏற்றபடி நிறம் மாறிப் பூசணி நிறத்தில் பூத்ததாம். வளரக்கூடாத இடத்தில் வளர்வதால்தான் நாயகியின் தாய்க்கு அந்தப் பூவில் அவ்வளவு பிரியம். நாமோ வெயில் நாட்டிலிருந்து பனிக்கு வந்தவர்கள். எம் பிள்ளைகளின் நிறமும் பேச்சும் கொஞ்சம் மாறித்தான் பூக்கும். அதற்காக அது வேறு பூ ஆகிவிடுமா?

உம் கொட்டுவோம்

கடைசியாக எங்கள் வீட்டு விசயம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு சாத்திரியார், "உங்கட பிள்ளை உயிரோடை இருக்குது, தெற்குத் திசை" என்று கூறிப் பரிகாரத்துக்கென்று அம்மாவிடம் காசு வாங்கினார். பிறகு இன்னொரு பரிகாரம், இன்னும் காசு. நாங்கள் இங்கே இரட்டை சிப்ட் அடித்து அனுப்பியது அப்படிப் போயிற்று. அதைத் தடுத்தோம், இன்றும் தடுப்போம். நம்பிக்கையை விற்பவனுக்கு இடம் கொடுக்கக்கூடாது. ஆனால் அவனைத் தடுத்த அதே வேகத்தில் அம்மாவின் காகத்தையும் கலைத்துவிட்டோம். அதுதான் எங்கள் பிழை. காகம் அம்மாவிடம் காசு கேட்கவில்லை.

புத்தகத்தை வாசித்து முடித்த கிழமை, ஞாயிற்றுக்கிழமை, அம்மா வழமைபோல், "காகம் கத்தினது" என்றார். நாங்கள், "எந்த மரத்திலை இருந்து கத்தினதம்மா?" என்று கேட்டோம்.

அம்மா ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "கிணத்தடித் தென்னையிலை. கொண்ணன் சின்னனிலை ஏறி விழுந்தானே, அந்தத் தென்னை" என்று தொடங்கினார். அண்ணா எப்படி ஏறினான், விழுந்து கை முறிந்தது, ஒட்டகப்புலத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டது, கட்டோடு கிளித்தட்டு மறிக்கப் போய் அடி வாங்கியது எல்லாம் சொன்னார். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரித்து எத்தனை வருடம்! இங்கே பிறந்த எங்கள் மகள், பெரியப்பாவைப் படத்தில் மட்டும் பார்த்தவள், ரெலிபோனுக்குக் கிட்ட வந்து இருந்துகொண்டு, "உம்... பிறகு?" என்றாள்.

வாசகர்களே, நூலகத்தில் இந்தப் புத்தகங்களைக் கேளுங்கள். ஆங்கிலத்திலும் உண்டு, பிரெஞ்சிலும் உண்டு. உங்கள் வேலைத்தலத்தில் ஹெயிட்டி மக்கள் இருந்தால் ஒருநாள் 'கிறிக்?' என்று சொல்லிப் பாருங்கள். ஊரிலிருந்து அம்மா காகம் கத்தியதென்று சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, உம் கொட்டுங்கள்.